பரங்கிமலையில் திறந்து கிடக்கும் பூமியின் ஆழம்

நார்வே எல்லையை ஒட்டி ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் கோலா தீபகற்பம் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு சோவியத் விஞ்ஞானிகள் அங்கே ஒரு துளை போடத் தொடங்கினார்கள். எண்ணெய் எடுக்கும் எண்ணமோ தாது தேடும் எண்ணமோ அவர்களுக்கு இல்லை. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏறத்தாழ 20 ஆண்டுகள் பாடுபட்டு 1989இல் 12,262 மீட்டர் ஆழத்தைத் தொட்டார்கள். அங்கே வெப்பம் 180 டிகிரி செல்சியஸ். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை இளகியது. துரப்பணத்தை வெளியே எடுத்தால் துளை தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. அதற்குக் கீழே போக முடியவில்லை. செங்குத்து ஆழத்தில் மனிதன் போட்ட மிக ஆழமான துளை இன்றுவரை அதுதான்.

பூமியின் மையமோ 6,371 கி.மீ. கீழே இருக்கிறது. அத்தனை பாடுபட்டும் நாம் கடந்தது மையத்துக்குப் போகும் வழியில் 500இல் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது சென்னைக்கு வருவோம். பரங்கிமலைப் பாறையின் மீது யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். அந்தப் பாறை இன்றுள்ள உருவத்தைப் பெற்றது நிலத்துக்கு அடியில் 20 முதல் 30 கி.மீ. ஆழத்தில். கோலாவின் துளை எட்டிய இடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் அது. அங்கிருந்த வெப்பம் 700 டிகிரிக்கு மேல். பூமியின் ஆழத்தைப் பார்க்க எந்தத் துரப்பணமும் தேவைப்படாத இடங்கள் உலகில் சில உண்டு. தமிழ்நாடு அவற்றுள் ஒன்று. இந்த மண்ணில் வாழும் நமக்கே இது தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

நிலநடுக்கம் காட்டிய உள்கட்டு

துளையிட முடியாத ஆழத்தை முதலில் அறியத் தந்தவை நிலநடுக்கங்கள். அந்த அறிவின் தொடக்கம் இந்தியாவில் நிகழ்ந்தது. 1897 ஜூன் 12 அன்று அசாமையும் ஷில்லாங் பீடபூமியையும் ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை விரிவாக ஆராய்ந்தார். தொலைவில் ஐரோப்பாவில் இருந்த கருவிகளிலும் அந்த அதிர்வு பதிவாகியிருந்தது. மூன்று வகை அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருப்பதை அந்தப் பதிவுகளில் அவர் பிரித்தறிந்தார். முதலில் வருவது முதன்மை அலை. பொருளை அழுத்தியும் தளர்த்தியும் முன்னேறுவது அது. அடுத்து வருவது பொருளைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் இரண்டாம் நிலை அலை. கடைசியாக, நிலப்பரப்பை ஒட்டியே ஓடும் மேற்பரப்பு அலை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திரவத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் அது மீண்டு வராது. ஆகவே இரண்டாம் நிலை அலை திரவத்துக்குள் புகாது. பூமியின் ஒரு பக்கம் நடுங்கும்போது மறுபக்கத்தில் எந்த அலை வருகிறது, எது வரவில்லை, எவ்வளவு தாமதமாக வருகிறது என்று கணக்கிட்டால் நடுவே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பூமிக்குத் தனியே ஒரு கருவம் உண்டு என்பதை ஓல்டாம் 1906இல் இப்படித்தான் காட்டினார். 1909இல் குரோஷியாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை வைத்து ஆண்ட்ரியா மொகொரோவிசிச் மேலோடு முடியும் எல்லையைக் கண்டார். கருவம் தொடங்கும் ஆழம் ஏறத்தாழ 2,900 கி.மீ. என்று சில ஆண்டுகளில் பேனோ கூட்டன்பெர்க் கணித்தார். இரண்டாம் நிலை அலை புகாததால் திரவம் என்று தெரிந்த அந்தக் கருவத்துக்கு உள்ளே திடமான இன்னொரு கருவம் இருப்பதை டென்மார்க்கின் இங்கே லேமன் 1936இல் வெளியிட்டார். 1929இல் நியூசிலாந்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகள்தான் அவருக்குத் துணை நின்றன.

இந்த நால்வரும் தந்த சித்திரம் இது. கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கி.மீ., கடலுக்கு அடியில் 7 கி.மீ. அளவுக்கு மேலோடு. அதன் கீழே 2,900 கி.மீ. வரை கவசம். பிறகு, உருகிய இரும்பும் நிக்கலும் சுழலும் வெளிக்கருவம். நம் காந்தப்புலம் பிறக்கும் இடம் அதுதான். 5,150 கி.மீ. ஆழத்துக்குக் கீழே திட உள்கருவம். அங்கே வெப்பம் 5,000 டிகிரிக்கு மேல். அழுத்தமோ நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 30 லட்சம் மடங்குக்கும் மேல்.

உருகி ஆறிய பாறை

மேலோட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கும் குழம்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. கவசத்தின் வழியே இரண்டாம் நிலை அலைகள் தடையின்றிப் போகின்றன. ஆகவே அது திடப்பாறைதான். 1,300 டிகிரிச் சூட்டிலும் ஏன் உருகவில்லை? காரணம் அழுத்தம். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய பிறகும் நீராகவே இருப்பதைப் போல, மேலிருந்து அழுத்தும் எடை அந்தப் பாறையை உருகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. உருகாவிட்டாலும் அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. சூடானது மெல்ல மேலே வருகிறது, குளிர்ந்தது கீழே போகிறது. கண்டங்களைச் சுமக்கும் தட்டுகள் இந்தச் சுழற்சியின் அங்கமாகவே நகர்கின்றன.

அப்படியானால் எரிமலைக்குழம்பு எங்கிருந்து வருகிறது? உருகுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. சூடான கவசப்பாறை மேலேறும்போது அழுத்தம் குறைந்து அதன் ஒரு பகுதி உருகும். நடுக்கடல் முகடுகளில் நடப்பது இது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருக்கெடுத்ததும் இப்படிப் பிறந்த குழம்புதான். மகாராஷ்டிராவின் மலைத்தொடர்களில் அடுக்கடுக்காகத் தெரிவதும், அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டதும் அந்தக் குழம்பு ஆறிய பசால்ட் பாறையில். மற்றொரு வழி தண்ணீர். கடல்தட்டு ஒன்று இன்னொரு தட்டின் அடியில் நுழையும்போது தாதுக்களுக்குள் அடைபட்ட நீரையும் இழுத்துச் செல்கிறது. அந்த நீர் கசிந்தால் மேலேயுள்ள பாறையின் உருகுநிலை இறங்குகிறது. அந்தமானின் பாரன் தீவு இப்படி உருவானது. இந்தியாவில் இன்று இயங்கும் எரிமலை அது ஒன்றே. நெடுங்கால உறக்கத்துக்குப் பின் 1991இல் விழித்தது. அதன் பிறகு பலமுறை கனன்றிருக்கிறது.

உருகியது ஆறினால் தீப்பாறை. எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஆறியது என்பதைப் படிகத்தின் அளவே காட்டிக்கொடுக்கும். பல கி.மீ. ஆழத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக ஆறியது கிரானைட். அதில் வெள்ளையும் இளஞ்சிவப்புமான ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், மினுங்கும் கறுப்பு மைக்கா என்று ஒவ்வொரு படிகத்தையும் வெறுங்கண்ணால் எண்ணலாம். நிலத்துக்கு மேல் கொட்டி விரைவில் ஆறிய பசால்ட்டில் படிகங்கள் தெரியாது. இரண்டுக்கும் நடுவே டோலரைட். பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் குழம்பு பீறிட்டு ஏறி, சுவர் சுவராக உறைந்தது அது. தருமபுரி, கிருஷ்ணகிரி, விழுப்புரம் மாவட்டங்களில் இத்தகைய சுவர்கள் நிறைய உண்டு. நம் வீட்டுச் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் என்று வாங்கிப் போடும் பலகைகளில் பலவும் இந்த டோலரைட்தான்.

கடல் விட்டுச் சென்ற பாறை

வெளியே வந்த எந்தப் பாறையையும் வெயிலும் மழையும் விட்டுவைப்பதில்லை. ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களிமண் ஆகிறது. குவார்ட்ஸ் உதிர்ந்து மணல் ஆகிறது. ஆறு அவற்றை வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சேர்க்கிறது. மேலே மேலே படியும் பாரத்தில் கீழடுக்குகள் இறுகி, இடையில் ஊறும் நீரிலுள்ள சுண்ணமும் சிலிக்காவும் மணிகளை ஒட்டவைக்கின்றன. அப்படி உருவாவது படிவுப் பாறை.

இதற்குப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையைவிட நல்ல பாடசாலை தமிழ்நாட்டில் இல்லை. தார்ச்சாலையை விட்டு உள்ளே நடந்தால், மழைநீர் ஆயிரம் வாய்க்கால்களாக அறுத்த மஞ்சள், பழுப்பு நிறக் களிமண் மேடுகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் காலடியில் கண்ணாடித் தகடாக ஜிப்சம் மினுங்குகிறது. அதனிடையே விரல் பருமனில், ஒரு முனை கூரான பழுப்புக் கற்கள் சிதறியிருக்கின்றன. அவை பெலம்னைட்டுகள், கணவாய் மீனின் தொல்லுறவான ஓர் உயிரினத்தின் உள்ளோடு. அடுக்கின் குறுக்கே சுருள் சுருளாக அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. இந்தியா, அன்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது கிழக்குக் கரை தாழ்ந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அரியலூர் சிமென்ட் ஆலைகள் அரைப்பது அந்தக் கடலின் சுண்ணாம்புக்கல்லைத்தான். திருவக்கரையிலும் சாத்தனூரிலும் முழு மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் திசுக்களுக்குள் சிலிக்கா புகுந்து, மரத்தை இழைக்கு இழை கல்லாக்கியிருக்கிறது.

வெந்து மாறிய பாறை

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லையும் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சிமென்ட் ஆலைக்குப் போவதுதான். வேதியியலில் இரண்டுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். முதலாவதில் சிப்பியும் பவளமும் தெரியும், உரசினால் மாவாகும். இரண்டாவதில் ஒரு சிப்பிகூட இல்லை. சர்க்கரைக்கட்டி உடைந்தாற்போன்ற படிகங்கள் வெயிலில் பளபளக்கும். அதுவும் ஒருகாலத்தில் கடலடியில் படிந்ததே. ஆனால் பிறகு ஆழத்துக்குப் புதையுண்டு, உருகாமலே வெந்து, அணுக்கள் இடம் மாறி அடுக்கிக்கொண்டு புதிய படிகங்களாக எழுந்தது. அதைத்தான் உருமாறிய பாறை என்கிறோம்.

பரங்கிமலைப் பாறையும் இந்த வகைதான். அதன் பெயரின் வரலாறு ஒரு கல்லறையில் தொடங்குகிறது. கொல்கத்தாவில் குடியேறி 1693இல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல், பல்லாவரம் பகுதியிலிருந்து கப்பலேறிப் போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து அதற்கு சார்னோகைட் என்று பெயரிட்டார். இன்று ஸ்ரீலங்கா, மடகாஸ்கர், அன்டார்க்டிகா என எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். அதன் மூல இடம் நம் ஊர்தான்.

புதிதாக உடைத்த சார்னோகைட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். மேலே எண்ணெய் தடவினாற்போல ஒரு மங்கிய மினுக்கம். குவார்ட்ஸில்கூட நீலச்சாயல் இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் வழக்கமான வெள்ளையாக இராமல் பச்சையாக இருக்கும். இவற்றுக்கு நடுவே கரும்பழுப்புப் புள்ளிகளாகத் தெரிவது ஹைபர்ஸ்தீன். இதுதான் முக்கிய சாட்சி. நைஸ் என்னும் சாதாரண உருமாறிய பாறையில் இரும்பும் மக்னீசியமும் மைக்காவிலும் ஹார்ன்பிளெண்டிலும் இருக்கும். இந்தத் தாதுக்கள் தங்கள் கட்டமைப்புக்குள் சிறிது நீரை வைத்திருப்பவை. 700, 800 டிகிரிச் சூட்டில், நீர் குறைந்த ஆழத்தில், அவை அந்த நீரை இழந்து ஹைபர்ஸ்தீனாக மாறுகின்றன. ஆகவே ஹைபர்ஸ்தீனைக் கண்டால், இந்தப் பாறை மேலோட்டின் அடித்தளத்தில் உலர்ந்த சூட்டில் கிடந்தது என்று நம்பிச் சொல்லலாம். சென்னைப் பகுதி சார்னோகைட்டுக்கு இது நேர்ந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். மதுரைக்குத் தெற்கே, கோண்டுவானா ஒன்றுசேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைகள் மீண்டும் ஒருமுறை வெந்திருக்கின்றன.

ஆழம் மேலே வந்தது எப்படி?

இரண்டு நிலப்பகுதிகள் மோதினால் மேலோடு தடிக்கும். இந்தியா ஆசியாவோடு மோதியதால் இன்று திபெத்தின் அடியில் மேலோட்டின் தடிமன் ஏறத்தாழ 70 கி.மீ. நம் பகுதியிலும் ஒருகாலத்தில் மோதல்கள் நிகழ்ந்து மலைகள் எழுந்தன. மலை எழுந்ததும் அரிப்பும் தொடங்கிவிடும். மேலோடு கவசத்தைவிட எடை குறைந்தது. அதன் மேல் மிதக்கிறது. மேலே பாரம் குறையக் குறைய அடிப்பகுதி எழும்பும். எழும்பியது மறுபடி தேயும். இது எவ்வளவு மெதுவாக நடந்தாலும் போதும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலே 200 கோடி ஆண்டுகளில் 20 கி.மீ. போய்விடும். பரங்கிமலைக்கு மேலே அத்தனை பாறை இருந்தது. அது மணலாகவும் களிமண்ணாகவும் பழைய கடல்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு பாறையின் அழிவு இன்னொரு பாறையின் பிறப்பு என்பது பாடப்புத்தகத்து வட்டப்படம் மட்டும் இல்லை. நம் நிலத்தில் உண்மையில் நடந்த வரலாறு.

தென்னிந்தியாவில் இந்த மேலோடு சற்றுச் சாய்ந்தபடி எழுந்திருக்கிறது. அதனால் வடக்கே கர்நாடகத்தில் மேலடுக்குகளும் தெற்கே வரவர ஆழமான அடுக்குகளும் வெளியே தெரிகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் நோக்கிப் பேருந்தில் போகும்போது, சாலை ஓரத்தில் சாம்பல்நிற நைஸ் பாறைகள் மெல்ல மறைந்து கரும்பச்சைச் சார்னோகைட் தொடங்குகிறது. உலகம் முழுவதிலிருந்தும் நிலவியலாளர்கள் இந்தப் பாதையைத் தேடி வந்திருக்கிறார்கள். மேலோட்டின் குறுக்குவெட்டை இவ்வளவு தெளிவாகச் சாலையில் போயே பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில.

இத்தனைக்கும் ஆதாரமான சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, பூமி உருவானபோதே அடைபட்டது. மறுபகுதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் பிறப்பது. பூமிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோக்களை அளந்து, வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி கதிரியக்கத்தால் வருவது என்று ஜப்பானின் காம்லேண்ட் ஆய்வகம் 2011இல் காட்டியது. அந்தத் தோரியத்தையும் நாம் கண்ணால் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை ஒரு கை அள்ளினால், சிவப்பாகத் தெரிவது ஆழத்து அழுத்தத்தில் விளைந்த கார்னெட், கறுப்பு இல்மனைட், தேன்நிறத்தில் அரிதாகத் தெரியும் மணிகள் தோரியம் உள்ள மோனசைட். தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். 454 கோடி ஆண்டு வயதான பூமியில், தொடக்கத்தில் இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. பூமி ஆறிப்போக இன்னும் வெகுகாலம் உண்டு.

நாம் செய்ய வேண்டியது

பரங்கிமலையின் சார்னோகைட், திருவக்கரைக் கல்மரங்கள், சாத்தனூர்க் கல்மரம், காரைக் களிமண் மேடுகள் ஆகிய நான்கும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்த தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்கள். கோயில் கல்வெட்டு ஒன்று உடைந்தால் நாம் பதறுகிறோம், அது சரிதான். 250 கோடி ஆண்டுப் பாறை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைபடும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் பெரும்பகுதி சென்னையின் கான்கிரீட்டுக்குள் ஏற்கெனவே போய்விட்டது. வீடு கட்டக் கல் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குன்றை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை விலை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. வெட்டிய மரத்துக்குப் பதில் இன்னொன்று நடலாம். பூமியின் ஆழத்திலிருந்து எழுந்து வந்த ஒரு குன்றை மறுபடி உண்டாக்க எவராலும் முடியாது.

நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் எம். எஸ். கிருஷ்ணன் தஞ்சைத் தமிழர். அப்படி இன்னும் பலர் நம் பள்ளிகளிலிருந்து வர வேண்டும். ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு சுற்றுலாவைக் கேளிக்கைப் பூங்காவுக்குப் பதில் காரைக்கோ பரங்கிமலைக்கோ மாற்றுங்கள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு உருப்பெருக்கி கொடுங்கள். சுத்தியலைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நினைவுச்சின்னத்திலிருந்து கல் எடுக்கக் கூடாது. பாறையைக் காட்டி, இது உருகி ஆறியதா, படிந்து இறுகியதா, வெந்து மாறியதா என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் பிள்ளை, காலுக்குக் கீழே 6,371 கி.மீ. ஆழத்துக்கும் சேர்த்து யோசிக்கத் தொடங்கிவிடும்.